செய்திக்குச் சீட்டு ஒட்டுகிறேன்

ஒழுங்காகச் செய்தால் ஒருவர் கண்ணிலும் படாது, பிழையாகச் செய்தால் ஊரே தொலைபேசி எடுக்கும். அதுதான் என்னுடைய தொழில். இணையத்தளங்களில் குப்பை கொட்டும் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஒரு செய்தியைப் பார்த்தவுடன் இது தலைப்பு, இது எழுதியவர் பெயர், இது வெளியான நேரம் என்று உங்களுக்கும் எனக்கும் விளங்கிவிடும். கணினிக்கு விளங்காது. அதற்கு எல்லாமே வெறும் எழுத்து. ஆகவே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் வாசகர் கண்ணுக்குத் தெரியாத ஒரு சீட்டை ஒட்ட வேண்டும்: இது தலைப்பு, இது சுருக்கம், இது படம் என்று. இந்தச் சீட்டுகளுக்கு உலகம் முழுக்க ஒரே ஒழுங்கு. மைக்ரோபோர்மற் என்று பெயர். அந்த ஒழுங்கில் ஒட்டியிருந்தால்தான் கைத்தொலைபேசிகளில் ஓடுகிற பெரிய செய்தியோடைகள் நம்முடைய செய்தியை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எழுதியவரும் எழுதியவரின் மனைவியும் வாசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் இருப்பது திருகோணமலையில், துறைமுகத்துக்குப் பக்கத்து வீதியொன்றில், வலையும் படகு இயந்திரச் சாமான்களும் விற்கிற கடைக்கு மேல்மாடியில். எங்கள் செய்தித்தளத்தில் இரண்டே பேர். ஒருவர் ஆசிரியர் சிவபாதம் ஐயா. அச்சுப் பத்திரிகைகளில் தலை நரைத்தவர். மற்றது நான். முதலாளி குகன் அண்ணா லண்டனில் இருக்கிறார். ஒரு நாள் அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். "என்ர ஃபோனில உலகத்துச் செய்தியெல்லாம் வருது, எங்கட செய்தி மட்டும் வரேல்ல. திருவிழாவுக்கு ஊருக்கு வருவன். அதுக்குள்ள வந்தால் சரி. இல்லாட்டி தளத்தை மூடிப்போட்டு வேற வேலையைப் பாப்பம்" என்றார்.

மூடினால் நான் மறுபடியும் கொழும்புக்குப் போய், ஜன்னல் இல்லாத அறையில் இருந்துகொண்டு யாரோ ஒரு கம்பனிக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஐயாவின் நிலைமை இன்னும் மோசம். "இந்த வயதில எனக்கு ஆர் பிள்ளை மேசை தரப்போகினம்?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்கத் தன் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்படித்தான் வேலை தொடங்கியது.

பெயரில்லாத நால்வர்

'எழுதியவர்' என்ற சீட்டில் மனிதப் பெயர் ஒன்று இருக்க வேண்டும் என்பது ஒழுங்கு. எங்கள் தளத்திலோ மனிதர்களே இல்லை. 'நமது நிருபர்', 'விசேட நிருபர்', 'கிண்ணியா நிருபர்', 'எமது செய்தியாளர்' என்று நால்வர்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். சீட்டுகளைச் சரிபார்க்கிற சோதனைப் பக்கத்தில் எங்கள் தளத்தைப் போட்டேன். எழுதியவரைக் காணவில்லை, எழுதியவரைக் காணவில்லை என்று பக்கம் முழுக்கச் சிவப்பாய்க் கொட்டியது.

நால்வரும் ஒருவர்தான். அவர் நஸீர் சேர், கிண்ணியாவில் பாடசாலை ஆசிரியர். பொழுதுபோக்காகத் தொடங்கி, இப்போது எங்கள் செய்தியையெல்லாம் அவர்தான் எழுதுகிறார். அவருக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் பெயருக்குப் பதிலாக ஐயாவின் பெயரைப் போட முடியுமா என்று கேட்டார். ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் நஸீர் சேர் ஒரு புனைபெயருக்கு இணங்கினார். கணினி அதைப் பெயர் என்று ஒப்புக்கொண்டு பச்சை காட்டியது. நான் விடவில்லை. நல்ல செய்திதானே எழுதுகிறீர்கள், இதற்கு ஏன் சேர் இவ்வளவு பயம் என்று கேட்டேன்.

"தங்கச்சி, அந்த வடிகான் கட்டுற வேல அரைவாசியில நிண்ட செய்தி இருக்கே, அந்தக் கொந்தராத்து என்ட மச்சானுக்குரியது. அத எழுதினவன மச்சான் இன்னும் தேடிக்கிட்டிருக்கார். நானும் கூடச் சேந்துதான் தேடிக் குடுத்துக்கிட்டிருக்கன்."

கண் திறப்பார்களா?

ஐயாவுக்கு ஒரு செல்லத் தலைப்பு உண்டு: 'சம்பந்தப்பட்டவர்கள் கண் திறப்பார்களா?' இறங்குதுறைப் பலகை உடைந்தாலும் அதுதான், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அதுதான், எங்கள் நகரத்துக்குள் திரிகிற மான்கள் குப்பைப் பைகளைக் கிழித்து வீதியெங்கும் இழுத்தாலும் அதுதான். செய்தியோடைக்கு இந்த நுணுக்கம் பிடிபடாது. ஒரே தலைப்பு என்றால் ஒரே செய்தி என்று முடிவுகட்டி, ஒன்றை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எறிந்துவிடும். சோதனைப் பக்கத்தில் மான்கள் மட்டும் பிழைத்தன. இறங்குதுறையும் தெருவிளக்கும் போன இடம் தெரியவில்லை.

தலைப்பைப் பார்த்தாலே செய்தி தெரிய வேண்டும் ஐயா, அதுதான் இப்போதைய ஒழுங்கு என்றேன். தெரிந்துவிட்டால் பிறகு அவன் ஏன் உள்ளே வந்து வாசிக்கப்போகிறான் என்று திருப்பிக் கேட்டார். அதற்கு உலகத்தில் எவரிடமும் பதில் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நெடுநேரம் மல்லுக்கட்டியதில், தலைப்புக்கு முன்னால் இடத்தின் பெயரைச் சேர்ப்பதற்கு மட்டும் சம்மதித்தார். சேர்த்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"முழுசா மாத்தச் சொல்லிக் கேக்காதையும் பிள்ளை. முதல் அவையள் கண்ணைத் திறக்கட்டும், பிறகு நான் தலைப்பை மாத்திறன்."

ஆர் செத்தது?

இந்த நேரத்தில், தமிழ்ச் செய்திகளை மட்டும் திரட்டுகிற ஒரு சிறிய செய்தியோடை எங்களைச் சேர்த்துக்கொண்டது. குகன் அண்ணா பார்க்கிற பெரிய ஓடை இல்லை. ஆனாலும் ஒரு வாசல் திறந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். அந்தச் சந்தோஷம் அடுத்த மரண அறிவித்தல் வரைக்கும் நின்றது.

எங்கள் தளத்துக்குச் சோறு போடுவதே மரண அறிவித்தல்கள்தான். அவற்றுக்கு ஒரு மாறாத வாய்பாடு இருக்கிறது. முதலில் பிறந்த ஊர், பிறகு இருந்த ஊர், பிறகு பிள்ளைகளோடு போய் இருந்த நாடு, அதற்குப் பிறகுதான் ஆளின் பெயர். அதற்கும் பிறகு அன்பு மகனும், பாசமிகு மைத்துனரும் என்று உறவுக்காரர் எல்லாரும் வரிசையில் வந்து முடிந்தால்தான் முற்றுப்புள்ளி. செய்தியோடையோ 'சுருக்கம்' என்று சீட்டு ஒட்டிய இடத்தில் கொஞ்ச எழுத்துகளை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிடும். ஆகவே ஒரு நாள் காலை கனடாவில் உள்ள எங்கள் ஊர்க்காரர் எல்லாருடைய தொலைபேசியிலும் ஒரு செய்தி போய் இறங்கியது. 'சாம்பல்தீவைப் பிறப்பிடமாகவும், பாலையூற்றை வசிப்பிடமாகவும், கனடாவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட…' அவ்வளவுதான்.

சாம்பல்தீவில் பிறந்து, பாலையூற்றில் இருந்து, கனடாவுக்குப் போய்வந்தவர்கள் எத்தனை பேர்! பெயரை முன்னால் கொண்டுவருவோம் ஐயா என்று கெஞ்சினேன். "ஊரைச் சொல்லாமல் ஆளைச் சொன்னால் எந்த ஊர் ஆள் எண்டு தெரியாதே" என்று அவர் முறைத்தார். எங்கள் விவாதம் முடிவதற்குள் பாலையூற்றிலிருந்து ஓர் அம்மா முச்சக்கர வண்டி பிடித்து வந்து, மூச்சு வாங்க வாங்க மாடி ஏறிவிட்டார். பெயர் பொன்னம்மா. நல்ல சுகமாகத்தான் இருந்தார். அதுதான் அவருடைய முறைப்பாடே.

"விடிஞ்சதில இருந்து கனடாவில இருந்து ஒவ்வொருத்தரா எடுக்கினம். நான் ஹலோ எண்ட உடன 'ஆ, இருக்கிறியள்' எண்டுபோட்டு வைக்கினம். ஒருத்தராவது சாப்பிட்டியோ எண்டு கேக்கேல்ல, பிள்ளை."

தண்ணி வரும் நேரம்

வெளியான நேரத்தையும் ஒட்ட வேண்டும். வெறும் நேரம் போதாது. எந்த நாட்டு நேரம் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் கணினி தன்பாட்டில் லண்டன் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் தளத்தை முதன்முதலில் அமைத்துக் கொடுத்த கம்பனி அந்தச் சீட்டை ஒட்டவே இல்லை. ஆகவே நாங்கள் காலையில் போடுகிற செய்தி, இன்னும் பிறக்காத செய்தி என்று செய்தியோடைக்குப் பட்டது. அது மரியாதையாகக் காத்திருந்து, லண்டனில் அந்த நேரம் வந்த பிறகு, அதாவது இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்குகிற வேளையில், செய்தியை வெளியே விட்டது.

மற்றச் செய்திகளுக்குப் பாதகமில்லை. ஊரில் அரைநாள் பிந்தி வருகிற செய்தியைப் புதுச்செய்தி என்றுதான் சொல்வார்கள். நீர்வெட்டு அறிவித்தல்தான் மாட்டிக்கொண்டது. காலையில் தண்ணீர் நிற்கும், மத்தியானம் வரும் என்ற அறிவித்தல், தண்ணீர் திரும்பி வருகிற நேரம் பார்த்து எல்லாருடைய தொலைபேசியிலும் மணி அடித்தது. நான் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி, இனிமேல் நேரத்துக்கு வரும் என்று வருத்தமும் தெரிவித்து ஒரு குறிப்புப் போட்டேன். தளம் தொடங்கிய காலம் தொட்டு நாங்கள் தெரிவித்த முதல் வருத்தம் அது. ஐயாவுக்கு அது மானப்பிரச்சினை. குறிப்பு வெளியான கையோடு ஒரு பெண் எடுத்தார். திட்டப்போகிறார் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்துக்கொண்டேன்.

"நீங்கள் 'நீர்வெட்டு' எண்டு போட்ட உடன நான் ஓடிப்போய் மோட்டரைப் போடுறனான், டாண் எண்டு தண்ணி வரும். நல்லாத்தானே நடந்துகொண்டிருந்தது, இப்ப ஏன் மிஸ் திருத்தினீங்கள்?"

ஹாஜியாரின் சிரிப்பு

படத்துக்கும் சீட்டு உண்டு. செய்திக்குப் படம் இல்லாவிட்டால், பக்கத்தில் எந்தப் படம் முதலில் கண்ணில் படுகிறதோ அதைச் செய்தியோடை அள்ளிக்கொள்ளும். எங்கள் பக்கத்தின் உச்சியில் நிரந்தரமாக இருப்பது ஹாஜியாரின் விளம்பரம். மூதூர்க்காரர், நகரத்தில் சீமெந்து, கம்பி, பெயின்ற் எல்லாம் விற்கிற பெரிய கடை வைத்திருக்கிறார். சீமெந்து மூட்டைகளுக்கு முன்னால் நின்று, வாய் நிறையச் சிரிக்கிற படம்.

'தோப்பூரில் அனுமதியின்றி மணல் ஏற்றியவர் கைது.' பக்கத்தில் ஹாஜியார் சிரிக்கிறார். 'சூதாட்டம்: தப்பியோடியவருக்கு வலைவீச்சு.' ஹாஜியார் அகப்படாத பூரிப்பில் சிரிக்கிறார். 'வெளிநாட்டுத் தூதுவர் துறைமுகத்துக்கு விஜயம்.' அதற்கும் அதே சிரிப்பு. ஒரு கிழமையாக, ஏழு நாளும், இது நடந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்கள் எங்கள் தளத்தைப் பார்க்கிறோமே தவிர ஓடையைப் பார்ப்பதில்லை.

அவர் மாடிப்படி ஏறி வருகிற சத்தம் கேட்டபோதே ஐயா எழுந்து நின்றுவிட்டார். கதிரையில் இருத்தி, பிளேன்ரீ கொடுத்து, நானும் ஐயாவும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டோம். விளம்பரத்தை நிறுத்திவிடுவார், வழக்குப் போடுவார், திருவிழாவுக்கு முன்பே கடை மூடத்தான் போகிறோம் என்றே நினைத்தேன். அவர் பிளேன்ரீயை நிதானமாகக் குடித்து முடித்தார். தொலைபேசியை எடுத்துத் தூதுவர் செய்தியை மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

"மகள், இது நல்லா வந்திருக்கு, இத எடுக்க வேணா. கைது செய்திக்கு மட்டும் இப்ப போடாம, பிணையில விட்டாப் பொறகு என்ட படத்தப் போடுங்க."

முதலாளியின் தொலைபேசி

திருவிழாவுக்குக் கொடி ஏறிய கிழமை, சோதனைப் பக்கத்தில் சிவப்பே இல்லை. எல்லாம் பச்சை. பெரிய செய்தியோடை எங்களைச் சேர்த்துக்கொண்டதாகக் கடிதமும் வந்தது. நான் போட்ட சத்தத்தில் கீழே வலைக்கடைக்காரர் தீப்பிடித்துவிட்டது என்று வாளியோடு மேலே ஓடிவந்தார். ஐயா வெளியே போய் வடை வாங்கிக்கொண்டு வந்தார். வலைக்கடைக்காரருக்கும் ஒன்று கொடுத்தார்.

குகன் அண்ணா வந்தார். ஐயாவின் கதிரையில் உட்கார்ந்து தன் தொலைபேசியைத் திறந்தார். இங்கிலாந்துக் காற்பந்து வந்தது. வீட்டு விலை வந்தது. மறுபடியும் காற்பந்து. விரலால் தள்ளிக்கொண்டே போனார். எங்கள் செய்தி இல்லை. நான் என் தொலைபேசியைத் திறந்து காட்டினேன், இருந்தது. ஐயாவுடையதிலும் இருந்தது. கீழே ஓடிப்போய் வலைக்கடைக்காரருடையதை வாங்கிக்கொண்டு வந்து காட்டினேன், அதிலும் இருந்தது. "உங்கட ஃபோனில வந்து எனக்கென்ன? நான் சொன்னது என்ர ஃபோனை" என்றார். ஐயா தன் மேசையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது, அதற்கு முன்பே கோபமும் வந்துவிட்டது.

தாருங்கோ என்று தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். பார்த்தவுடன் காரணம் தெரிந்தது. சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். முதலாளியாயிற்றே. பிறகு, எப்படியும் மூடத்தானே போகிறார் என்று சொல்லிவிட்டேன். "அண்ணா, ஒருத்தர் எதை வாசிக்கிறாரோ அதைத்தான் இது அவருக்குக் காட்டும். நீங்கள் எங்கட தளத்தை ஒருநாளும் திறந்து பாக்கேல்லப் போல." குகன் அண்ணாவின் காது சிவந்தது. "எனக்கு எங்க நேரம்" என்றார். தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இப்ப திறந்து வாசிச்சால் வருமோ?" என்று கேட்டார். ஓம், நிறைய வாசித்தால் வரும் என்றேன்.

வாசிக்கத் தொடங்கினார். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான். தான் படித்த பள்ளிக்கூடத்து மதில் விழுந்த செய்தியில் கொஞ்சம் நின்றார். கடற்கரையில் நடந்த கரப்பந்துப் போட்டிச் செய்தியில், ஆட்டக்காரர் பெயர்களைப் பார்த்து, இது இன்னாரின் மகனா என்று ஐயாவிடம் கேட்டார். ஐயா ஓம் என்று சொல்லி முழுக் கதையையும் சொன்னார். அப்படியே பழைய செய்திகளுக்குள் போய்க்கொண்டே இருந்தார். வடை ஒன்றை எடுத்துக் கடித்தார். நானும் ஐயாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திடீரென்று அவருடைய விரல் நின்றது. மரண அறிவித்தல் ஒன்று. எட்டிப் பார்த்தேன், சில மாதங்களுக்கு முன்பு நானே சீட்டு ஒட்டிப் போட்டது. பொன்னம்மா வந்துபோன பிறகு ஐயா இணங்கி, பெயரை முன்னால் கொண்டுவந்து வெளியான ஒன்று. படத்தில் இருந்தவர் பள்ளிக்கூடத்தில் குகன் அண்ணாவோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவராம். நாளைக்குக் காலை முதல் வேலையாக அந்தச் சிநேகிதரின் வீட்டுக்குப் போக இருந்தாராம். அவருக்கென்று கொண்டுவந்த சப்பாத்துச் சோடி பெட்டியோடு கீழே வாகனத்தில் இருக்கிறதாம். இதையெல்லாம் எங்களைப் பார்க்காமலே சொன்னார். கடித்த வடை கையிலேயே இருந்தது. பிறகு நிமிர்ந்து, சண்டைக்கு வருகிறவர்போல உரத்துக் கேட்டார். "இவன் போனதை எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?"

ஐயா இன்னொரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தோளில் கை வைத்தார்.

"நாங்கள் சொன்னனாங்கள், தம்பி."

தளம் மூடப்படவில்லை, நானும் கொழும்புக்குப் போகவில்லை. ஆனால் செய்தியின் எல்லாத் துண்டுகளுக்கும் சீட்டு வைத்திருக்கிற இந்தத் தொழிலில், அதை வாசிக்க ஓர் ஆளைப் பிடித்து இருத்துவதற்கு மட்டும் எந்த ஒழுங்கிலும் இன்னும் சீட்டு வரவில்லை.